பழைய கேட்டமரான் வாங்குகிறீர்களா? மூலையைப் பாருங்கள்

தூண்டில் போடப் போகும் நம் பினாங்கு பிள்ளைகளுக்கு இப்போது கேட்டமரான் மேல் ஒரு மோகம். இரட்டை உடல், அகலமான தளம். நங்கூரம் போட்டு நின்றால் ஒற்றை உடல் படகுபோல் உருளாது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்று பழைய பைபர் படகு ஒன்றைப் பிடித்து, பத்து மாவுங் ஊர்ப் பக்கம் எங்களைப்போன்ற பட்டறைகளுக்கு இழுத்து வருகிறார்கள். “அண்ணே, பெயிண்ட் அடித்து, கூரை போட்டு, பெரிய ஐஸ் பெட்டி வைத்துக் கொடுங்கள்” என்பார்கள். நான் முதலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவேன்.

அலை இரண்டு உடலையும் ஒரே நேரத்தில் தூக்குவதில்லை. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். அந்த முறுக்கை எல்லாம் தாங்குவது, உடலும் நடுத்தளமும் சேரும் உள்மூலைதான். அங்கே மயிரிழை விரிசல் தெரிந்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். விரிசல் மறைந்தால், அது ஜெல்கோட் என்ற மேல்பூச்சோடு நின்றுவிட்டது. கண்ணாடி இழைக்குள்ளும் தொடர்ந்தால், விலை பேசுமுன் யோசியுங்கள். அடுத்தது இஞ்சின் மாட்டும் பின்பலகை. பழைய படகுகள் பலவற்றில் அதன் உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உளுத்திருக்கும். தேங்காயைத் தட்டி வாங்குவதுபோல் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் எங்கே மங்குகிறதோ அங்கே கோளாறு.

விரிசலுக்கு மேல் பட்டி பூசி மறைப்பது வேலையே அல்ல. விரிசலைச் சுற்றி, பைபரின் கனத்தைப்போல் 12 மடங்கு தூரம் சரிவாகத் தேய்த்து, புதிய இழையை ரெசின் என்ற பிசினால் ஒட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர். காய்ந்துபோன பழைய பைபரில் பாலியெஸ்டர் ரெசினைவிட எப்பாக்சி ரெசின் நன்றாகப் பிடிக்கும். ஆனால் துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய சாதாரண நறுக்கிழைப் பாயை எப்பாக்சியோடு போடாதீர்கள். அதன் பசை, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். நெய்த துணி வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாலியெஸ்டர் ரெசினை இறுக வைக்கும் எம்.இ.கே.பி. ஹார்டனரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்டனர். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் 31 டிகிரி அளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். நம் ஊர் மதிய வெயிலுக்கு அது சர்வ சாதாரணம். படகின் உடலுக்குள் சிகரெட்டோடு இறங்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்! துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது.

இனி மாற்றங்கள். ஒல்லியான உடல் எடை தாங்காது. நீர்மட்டத்தில் இரண்டு உடலும் சேர்ந்து 5 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால், சுமார் 50 கிலோ கூடும்போதெல்லாம் படகு 1 சென்டிமீட்டர் அமிழும். கூரை, ஐஸ் பெட்டி, இரண்டாவது டேங்க், நாலு நண்பர்கள் என்று 500 கிலோ ஏற்றினால் 10 சென்டிமீட்டர் போய்விடும். நடுத்தளம் தண்ணீரை நெருங்கிவிட, ஒவ்வொரு அலையும் அடியில் அறையும். அடி விழுவது நாம் பார்த்த அதே மூலையில். கூரை காற்றையும் பிடிக்கும். விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து வரும் புயற்காற்று நேரம் கொடுத்து வருவதில்லை. கேட்டமரான் கவிழ்ந்தால் தானாக நிமிராது.

வயர் இழுக்கிறேன் என்று, உடலை அறைகளாகப் பிரிக்கும் தடுப்புச் சுவரில் துளை போடுவது இன்னொரு தலைவலி. துளையை அடைக்காவிட்டால், ஓர் அறையில் புகுந்த தண்ணீர் உடல் முழுக்க ஓடும். இறைக்கும் பம்ப் இரண்டு உடலுக்கும் தனித்தனியாக வேண்டும்.

மீன்பிடி லைசென்ஸ் உள்ள படகு என்றால், அளவையோ இஞ்சினையோ மாற்றுமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். அறுத்து ஒட்டிய பிறகு போய் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.