அச்சு அசலாக நகலெடுத்த சர்வர் ஏன் எழுந்திருக்க மறுக்கிறது?

பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது, புதுப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. லினக்ஸை மறுபடி நிறுவி நூறு அமைப்புகளைத் தேடித் தேடிச் செய்வதற்குப் பதில், சிஸ்டம் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துவிடலாம் என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை, டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே படியெடுக்கும் டிடி (dd) கட்டளை ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரி டிஸ்க்கில் இருப்பதை மட்டுமே கொண்டுபோகும். சர்வரின் ஒரு பகுதி மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது, இன்னொரு பகுதி ரேமில் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபுறம், டிஸ்க்கில் இருப்பவற்றில் சிலவற்றைப் புது இயந்திரத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. நகலெடுத்தபின் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் முடியும்.

ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்

500 ஜிபி டிஸ்க்கை 1 ஜிகாபிட் நெட்வொர்க் வழியே அனுப்ப, நொடிக்கு 110 எம்பி வேகம் கிடைத்தால், ஏறக்குறைய 75 நிமிடம் ஆகும். சர்வர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே டிடி கொடுத்தால், டிஸ்க்கின் தொடக்கம் காலை 10 மணிக்கு இருந்தபடியும் கடைசிப் பகுதி 11.15 மணிக்கு இருந்தபடியும் நகலில் உட்காரும். இது மின்வெட்டில் சட்டென்று அணைந்த சர்வரைவிட மோசமான நிலை. மின்வெட்டில் எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோவதால், ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேட்டை) படித்துக் கோப்பு அமைப்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். இங்கே அப்படிப்பட்ட ஒரு நொடியே கிடையாது. கோப்பு அமைப்பைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை ஓட்டிப் பார்த்து 'சுத்தம்' என்று பதில் வந்தாலும், டேட்டாபேஸ் கோப்பின் நடுவில் கிழிசல் இருக்கலாம். யாராவது மாதக் கடைசியில் கணக்கு எடுக்கும்போதுதான் அது வெளியே வரும்.

ஆகவே சர்வரை அணைத்து, யூஎஸ்பியிலிருந்து லைவ் லினக்ஸில் பூட் செய்து நகலெடுங்கள். அணைக்கவே முடியாது என்றால், எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் மேலாண்மை அடுக்கு) ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நொடியின் உறைந்த பிரதி, எடுத்து அதிலிருந்து நகலெடுக்கலாம். ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் அது செல்லாததாகிவிடும் என்பதால், எழுத்து வேலை அதிகமுள்ள சர்வரில் இடத்தைத் தாராளமாகவே கொடுங்கள். டேட்டாபேஸை மட்டும் அதற்குரிய கருவியால் தனியாக எடுப்பது நல்லது. போஸ்ட்கிரஸ் என்றால் பிஜி-பேஸ்பேக்கப் இருக்கிறது.

எது மூலம், எது இலக்கு?

இந்த வேலையில் திரும்பப் பெறவே முடியாத தவறு ஒன்றே ஒன்று: வெற்று டிஸ்க்கை அசலின் மேல் எழுதுவது. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பக் கூடாது. லைவ் யூஎஸ்பி செருகியதும் அந்தப் பெயர்கள் இடம் மாறலாம், நேற்று எஸ்டிஏவாக இருந்தது இன்று எஸ்டிபி ஆகலாம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் மாடலையும் சீரியல் எண்ணையும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளோடு ஒப்பிடுங்கள். பிறகு பிளாக்டெவ் கட்டளையால் மூல டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். அதன் பிறகு மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தாலும் கட்டளை பிழை காட்டி நிற்கும், தரவு பிழைக்கும். பத்து நொடி வேலை. ஏனோ இதைச் செய்பவர்கள் குறைவு.

டிடியின் இயல்பான பிளாக் அளவு 512 பைட், அதை 4 எம்பி ஆக்கினால் வேகம் நன்றாகக் கூடும். எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் தேர்வை முடிவில் சேர்க்காவிட்டால், முடிந்தது என்று திரையில் வந்த பிறகும் கொஞ்சம் தரவு ரேமிலேயே நிற்கும். மூல டிஸ்க்கில் பழுதான செக்டர்கள் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டுகள்) இருந்தால் டிடியைத் தொடாதீர்கள். பிழையைப் பொருட்படுத்தாமல் தொடரும் தேர்வை 4 எம்பி பிளாக்கோடு கொடுத்தால், ஒரே ஒரு செக்டர் கெட்டதற்காக அந்த பிளாக்கின் பெரும்பகுதி பூஜ்ஜியமாகிவிடும். குனு டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து முயலும். எதுவரை முடித்தது என்ற வரைபடத்தை ஒரு கோப்பில் வைத்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இலக்கு டிஸ்க் ஒரு செக்டர் சிறியதாக இருந்தாலும் முழு நகல் உட்காராது. பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் ஜிபிடி அட்டவணையின் மாற்றுப் பிரதி டிஸ்க்கின் கடைசிச் செக்டர்களில் இருப்பதால், வெட்டுப்படுவது முதலில் அதுதான். இலக்கு பெரியதாக இருந்தால் அந்தப் பிரதி டிஸ்க்கின் நடுவில் மாட்டிக்கொள்ளும். எஸ்ஜிடிஸ்க் கட்டளையால் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு, பிறகு பார்ட்டிஷனைப் பெரிதாக்குங்கள். 512 பைட் செக்டர் டிஸ்க்கிலிருந்து 4096 பைட் செக்டரை மட்டுமே காட்டும் டிஸ்க்குக்கு டிடி செய்தால், பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும் இடமே பொருந்தாமல் டிஸ்க் காலியாகத் தெரியும். இப்படிப்பட்ட சூழ்நிலைகளில் இலக்கில் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு, கோப்பு கோப்பாக நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ஓட்டுவதே மேல். அப்போது ஹார்ட் லிங்க், ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்), நீட்டிப்புப் பண்புகள் ஆகியவற்றுக்கான தேர்வுகளைச் சேர்க்க வேண்டும். பயனர்களைப் பெயரால் அல்லாமல் எண்ணால் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லைவ் லினக்ஸின் பயனர் பட்டியல் குறுக்கே வந்து, கோப்புகளின் உரிமையாளர் மாறிப்போவார்.

கறுப்புத் திரை

நகல் பிழையில்லாமல் முடிந்து, பெட்டி பூட் ஆகாமல் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது பெட்டியை எழுப்புவது பழைய பயாஸ் முறையா, புதிய யூஈஎஃப்ஐ முறையா என்பது. பழைய பெட்டி பயாஸ் முறையில் நிறுவப்பட்டிருந்தால், யூஈஎஃப்ஐ மட்டும் தெரிந்த புதுப் பெட்டியில் அந்த டிஸ்க் எழாது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி கிரப்பை (லினக்ஸை ஏற்றும் பூட் நிரலை) மறுபடி நிறுவ வேண்டும். இரண்டுமே யூஈஎஃப்ஐ என்றாலும் சிக்கல் உண்டு. எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற பதிவு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது, டிஸ்க்கோடு அது வராது. லைவ் யூஎஸ்பியை யூஈஎஃப்ஐ முறையில் பூட் செய்து, ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் அந்தப் பதிவைச் சேர்க்கலாம். அல்லது நீக்கக்கூடிய டிஸ்க் என்ற தேர்வோடு கிரப்பை நிறுவினால், எந்த மதர்போர்டும் தானாகத் தேடும் பொது இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும்.

கிரப் வந்து, கெர்னல் ஏறி, ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று நிற்பது அடுத்த படி. ரெட் ஹேட், ராக்கி, ஆல்மா வகைகளில் டிராகட் கருவி உருவாக்கும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு தொகுப்பு), அந்த இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே பொதிந்து வைக்கும். சாட்டா டிஸ்க்கிலிருந்து என்விஎம்இக்கோ, நிஜப் பெட்டியிலிருந்து விர்ச்சுவல் இயந்திரத்துக்கோ மாறினால் அந்த டிரைவர் உள்ளே இருக்காது. பூட் மெனுவின் அடியில் ரெஸ்க்யூ என்று ஒரு வரி இருக்குமே, அது இதற்காகத்தான். அதில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதன் வழியே உள்ளே போய், டிராகட்டால் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கச் சொன்னால் போதும். டெபியன் இயல்பிலேயே பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்து வைப்பதால், அங்கே இந்தத் தொல்லை குறைவு.

எந்த டிஸ்க்குகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பையும் பாருங்கள். பழைய பெட்டியில் இருந்த இரண்டாவது தரவு டிஸ்க் அதில் இன்னும் எழுதப்பட்டிருந்தால், சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதற்காக 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர முறைக்குப் போய்விடும்.

எழுந்தபின் பழைய பெயரைச் சொல்லும்

பூட் ஆனதும் நெட்வொர்க் கேபிளைச் செருகத்தான் கை போகும். பொறுங்கள். நகல் தன்னை அசல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது: அதே ஹோஸ்ட் பெயர், அதே நிலையான ஐபி, அதே கிரான் (நேரம் குறித்து ஓடும்) வேலைகள். அசலும் ஓடிக்கொண்டிருந்தால் ஐபி மோதும். நள்ளிரவு பில் அனுப்பும் வேலை இரண்டு பெட்டியிலும் ஓடி, வாடிக்கையாளருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போகும். முதல் பூட் கேபிள் இல்லாமல், கன்சோல் முன்னால் உட்கார்ந்துதான் நடக்க வேண்டும். நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியிருக்கும் என்பதால், பழைய பெயரில் எழுதிய அமைப்பைத் திருத்தும்வரை தொலைவிலிருந்து எப்படியும் நுழைய முடியாது.

பழைய பெட்டியை நிறுத்திவிட்டு நகல் அதன் இடத்தில் உட்காரப்போகிறது என்றால், அடையாளங்களை மாற்றாமலே விடலாம். இரண்டும் சேர்ந்து ஓடப்போகிறது என்றால், ஈடிசி அடைவில் உள்ள, இயந்திரத்தின் தனி எண்ணை வைத்திருக்கும் மெஷின்-ஐடி கோப்பை வெறுமையாக்குங்கள். நீக்கிவிடாமல் கோப்பை வெற்றாக வைத்தால், அடுத்த பூட்டில் புது எண் உருவாகும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நெட்வொர்க் சேவை டிஹெச்சிபி வழியே ஐபி கேட்கும்போது இந்த எண்ணிலிருந்துதான் தன் அடையாளத்தை உருவாக்குகிறது. மேக் முகவரி வெவ்வேறாக இருந்தும் இரண்டு உபுண்டு சர்வர்களுக்கு ஒரே ஐபி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தொலைவிலிருந்து நுழைபவர்களுக்குச் சர்வரை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளையும் மாற்ற வேண்டும். ஒரே சாவி இரண்டு பெட்டியில் இருந்தால், ஒன்றில் நுழைந்து சாவியைத் திருடியவன் மற்றொன்றைப் போல நடிக்க முடியும். ரெட் ஹேட் வகையில் பழைய சாவிகளை நீக்கினால், சேவை மறுபடி தொடங்கும்போது தானாக உருவாகிவிடும். டெபியனில் அப்படி நம்பக் கூடாது. நீக்கிவிட்டு ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் பொதியை மறு அமைப்பு செய்தாக வேண்டும். மறந்துவிட்டு மறுதொடக்கம் செய்தால் சேவை எழாது.

லக்ஸ் என்ற லினக்ஸ் டிஸ்க் குறியாக்கம் உள்ள டிஸ்க்கில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நகலில் கடவுச்சொல்லை மாற்றினாலும், தரவைப் பூட்டியிருக்கும் உள் சாவி இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றேதான். பழைய டிஸ்க்கும் பழைய கடவுச்சொல்லும் ஒருவர் கையில் சிக்கினால், புதியதைத் திறக்கும் சாவி அவரிடம் இருக்கிறது. கிரிப்ட்செட்அப்பின் மறுகுறியாக்கம்தான் அதை மாற்றும்.

கடைசியாகப் பழைய டிஸ்க். ஒரு மாதம் கழித்து, விட்டுப்போன ஒரு கோப்பை எடுக்க அதைப் புதுப் பெட்டியிலேயே செருகுவார்கள். இரண்டிலும் யூயூஐடி (கோப்பு அமைப்பின் தனி அடையாள எண்) ஒன்றே என்பதால், அடுத்த பூட்டில் எந்த டிஸ்க் ரூட்டாக ஏறும் என்று சொல்ல முடியாது. கோப்பு அமைப்பு எக்ஸ்எஃப்எஸ் என்றால் இரண்டாவதை ஏற்றவே மறுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் இரு டிஸ்க்கையும் குழப்பிக்கொண்டு தரவையே கெடுத்துவிடக்கூடும். வேறொரு கணினியில் செருகி, படிக்க மட்டும் என்று ஏற்றி, கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.