தூக்கிட்டு போன சோறு அப்படியே திரும்பி வருதா? பெரியவங்ககிட்ட இருக்கிற ஏடிஎச்டியும் சாப்பாடும்

வண்ணார்பேட்டை பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கிற ஒருத்தர், வயசு 34, என்கிட்ட டயட் ஆலோசனைக்கு வீட்டம்மாவோட வந்திருந்தாரு (ஆள் தெரியாம இருக்க சில விவரத்த மாத்தியிருக்கேன்). அந்தம்மா உக்காரும்போதே பையில இருந்து டிபன் பாக்ஸ எடுத்து என் டேபிள்ல வச்சு திறந்தாங்க. காலைல கட்டிக்குடுத்த எலுமிச்சை சோறு, கத்தரிக்கா பொரியல், ஒரு பருக்கை கலையல, மூடில வேர்த்த தண்ணி மட்டும் முத்து முத்தா நின்னுச்சு. மணி அப்ப சாயங்காலம் 6.

"தெனமும் இப்படித்தான் மேடம். பகல்ல சோத்த தொட மாட்டாவ, ராத்திரி பத்து மணிக்கு மேல நாலு புரோட்டா, அதுக்கு மேல அல்வா, அப்புறம் மிக்சர் பாக்கெட்டு. கேட்டா மறந்துட்டேங்காவ. சோத்த யாராச்சும் மறப்பாவளா?"

மறப்பாங்க. இவர மாதிரி ஏடிஎச்டி, அதாவது கவனத்தையும் அவசரத்தையும் கட்டுல வைக்க மூளை செரமப்படுற நெலம, இருக்கிறவங்க நெஜமாவே மறப்பாங்க. ஒரு போன் போர்டுல கண்ண வச்சாருன்னா மூணு மணி நேரம் போறது தெரியாது, வயிறு குடுக்கிற லேசான சிக்னல் மூளைக்கு எட்டவே செய்யாது, கை நடுங்கி தலை வலிச்சு எரிச்சல் வர்றப்பதான் பசின்னு தெரியும், அந்த நேரத்துல எந்த மனுசனும் கீரை தேட மாட்டான், எது சட்டுனு கெடைக்குதோ எது இனிக்குதோ அதத்தான் கை எடுக்கும். இவங்க மூளைல ஆசையும் ஊக்கமும் தூண்டுற டோபமைன்ங்கிற ரசாயனம் வேலை செய்ற விதமே கொஞ்சம் வேற, அதனால இனிப்பு, எண்ணெய், மொறுமொறுப்பு எல்லாம் மத்தவங்கள விட கூடுதலா இழுக்கும். பேராசைன்னு பேர் வைக்கிறது ரொம்ப தப்பு.

ஒண்ண இங்கயே சொல்லிடுதேன், சீனி தின்னா ஏடிஎச்டி வரும்னு நெறைய பேர் நம்புறீங்க. சீனி பிள்ளைங்களோட நடத்தைய மாத்துறதில்லன்னு 1995லயே பல ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பாத்து சொல்லியாச்சு. அதுக்காக அல்வாவ அள்ளி திங்கலாம்னு இல்ல, சுகரும் வெயிட்டும் தனி பிரச்சனை. ஆனா "சின்ன வயசுல முட்டாய் வாங்கி குடுத்து கெடுத்துட்டேனே"ன்னு அழுற அம்மாக்கள நான் பாத்திருக்கேன், அந்த அழுகை தேவையே இல்ல.

பாளையங்கோட்டைல டயட் ஆலோசனை ஆரம்பிச்ச புதுசுல நானும் இவங்களுக்கு சார்ட்தான் எழுதி குடுத்தேன். 8 மணிக்கு மூணு இட்லி, 11 மணிக்கு மோர், 4 மணிக்கு சுண்டல். ஒருத்தர் கூட பத்து நாள் தாண்டல. சார்ட்ட ஞாபகம் வச்சு, நேரம் பாத்து, செய்ற வேலைய நிறுத்திட்டு எந்திரிக்கணுமே, அந்த திறமைதானே இவங்களுக்கு அடிபட்டு கெடக்கு! கால் ஒடிஞ்சவர்கிட்ட மாடிப்படிய காட்டின மாதிரி நான் பண்ணியிருக்கேன், அது இப்பவும் எனக்கு வருத்தம்தான்.

எனக்கு இத புரிய வச்சது கந்த சஷ்டி. வேற ஒரு தம்பி, அவனுக்கும் இதே ஏடிஎச்டிதான், திருச்செந்தூர்ல போய் ஆறு நாளும் விரதம் இருந்துட்டு வந்தான், ஒரு பிசகு இல்ல. "பாத்தீங்களா, நெனச்சா இருக்கான்ல, மத்த நாள் என்ன கேடு"ன்னு அவங்க ஆச்சி சண்டைக்கு வந்துட்டாங்க. ஆனா அங்க என்ன நடந்துச்சு? எப்ப சாப்பிடணும் என்ன சாப்பிடணும்னு அவன் யோசிக்கவே வேண்டாம், சுத்தி எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க, நேரத்த கோயில் மணி சொல்லிடுது. திருக்கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய கதைதான். ஒழுங்கு வெளிய இருந்து வந்தா இவங்களால முடியும். மனச இறுக்கிப் பிடின்னு சொன்னா முடியாது.

அதனால செல்போன் கடைக்காரருக்கு சார்ட் குடுக்கல. டிபன் பாக்ஸ் பைக்குள்ள இருந்தா அது அவருக்கு இல்லாத மாதிரி, கண்ணுல படாதது மனசுல நிக்காது. ஒரு கண்ணாடி டப்பால பொரிகடலையும் வறுத்த கடலையும் போட்டு, சால்டரிங் அயர்ன் பக்கத்துலயே வைக்க சொன்னேன். அலாரம் வச்சா தள்ளி விட்டுட்டு வேலைய பாப்பாரு, அதனால கடைப் பையன் ரெண்டு மணிக்கு சாப்பிட உக்காரும்போது இவரையும் எழுப்பி கூட உக்கார வைக்கணும்னு அந்த பையன்கிட்டயே பேசினோம். தெனமும் தயிர் சோறும் அவிச்ச முட்டையும்னாலும் பரவாயில்ல. வகை வகையா வேணும்னு கட்டாயப்படுத்தாதீங்க, எதுவும் திங்காம கெடக்குறதுக்கு இது எவ்வளவோ மேல். கீரை வாங்கினா ஆயணும், அலசணும், அரியணும், இப்படி அஞ்சாறு படி இருக்கிற எதுவும் பிரிட்ஜ்ல அழுகத்தான் செய்யும், வீட்ல வேற யாராச்சும் ஆஞ்சு வச்சா நல்லது.

மாத்திரை விஷயம் ரொம்ப முக்கியம். ஏடிஎச்டிக்கு டாக்டர் குடுக்கிற மெத்தில்பெனிடேட்ங்கிற மாத்திரை எடுக்கிறவங்களுக்கு மருந்து வேலை செய்ற நேரம் பசி அமுங்கிடும், சாயங்காலம் மருந்து இறங்கும்போது மொத்த பசியும் சேர்ந்து வரும். காலைல மாத்திரைக்கு முன்னாடியே வயிறு நெறைய சாப்பிட்ருங்க, பழைய சோறும் மோரும்னாலும் சரி, உளுந்தங்களின்னா இன்னும் நல்லது. மத்தியானம் மெல்ல முடியலன்னா கேப்பக்கூழா குடிங்க. வெயிட் இறங்கினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க. கை நடுக்கம், மயக்கம்னு வந்தா ஏடிஎச்டின்னு விட்டுடாம சுகர், தைராய்டு, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) மூணையும் பாத்துடுங்க. நிறுத்த முடியாம வயிறு வலிக்க சாப்பிட்டு, யாருக்கும் தெரியாம கவர ஒளிச்சு வைக்கிற பழக்கம் வாரத்துக்கு ஒருநாளாவது மூணு மாசமா இருந்தா அது தனி நோய், அதுக்கு மனநல டாக்டர பாக்கணும்.

போன வாரம் அந்தம்மா மறுபடி டிபன் பாக்ஸோட வந்தாங்க. பாதி சோறு இருந்துச்சு. "இன்னும் மிச்சம் வைக்காவ மேடம்"னு கொற சொன்னாங்க, நான் அந்த காலி பாதிய காட்டினேன். இப்ப ராத்திரி புரோட்டா நாலுல இருந்து ரெண்டாகியிருக்காம், அல்வா ஞாயித்துக்கிழமை மட்டும்தானாம். பொரிகடலை டப்பாவ கடைப் பையனும் சேர்ந்து காலி பண்ணிடுதானாம், அதனால இன்னொரு டப்பா வாங்க சொல்லியிருக்கேன்.