மூன்று டன் கேரவன் ஏன் வாலாட்டுகிறது?

ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டி, போர்ட் அகஸ்டாவிலிருந்து நார்ஸ்மன் வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது அயர் நெடுஞ்சாலை. அது நல்லார்பார் சமவெளியைக் கடந்து போகிறது. பாலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவில் 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. பணி ஓய்வு பெற்றபின் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் ஆஸ்திரேலியர்களில் பலர் வாழ்க்கையில் ஒருமுறையாவது இந்தச் சாலையில் போக ஆசைப்படுகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு, எஞ்சின் மட்டும் இல்லை என்ற வகைக் கேரவன் பின்னால் வரும். அதை இழுக்க லேண்ட்க்ரூசர் இருந்த இடத்தில் இப்போது ராம் 1500, ஃபோர்டு எஃப்-150 போன்ற பெரிய அமெரிக்க பிக்கப்களையும் நிறையப் பார்க்கலாம்.

கேரவனின் கழுத்து வந்து பூட்டிக்கொள்ளும் இரும்புப் பந்துக்கு டோ பால் என்று பெயர். சாதாரண 50 மில்லிமீட்டர் டோ பால் மாட்டினால் அங்கே 3,500 கிலோதான் எல்லை. இந்தப் பெரிய வண்டிகளில் 70 மில்லிமீட்டர் பந்தை மாட்டி 4,500 கிலோ வரை இழுக்கலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதும் இந்த எண்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சட்டகமும் அவ்வளவு எடையைத் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. இழுபடும் கேரவன் பின்னால் ஒழுங்காக நேரே வருமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் எஞ்சினில் இல்லை. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற இரண்டில்தான் இருக்கிறது.

எதிரே ஒரு ரோடு டிரெயின் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே லாரி இரண்டு பெட்டிகளை இழுத்துவரும் வண்டி அது, நீளம் 36.5 மீட்டர் வரை இருக்கும். அது முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்று, முதலில் கேரவனைச் சாலையோரமாகத் தள்ளும். லாரியின் உடல் பக்கத்தில் கடக்கும்போது இடையிலுள்ள காற்றழுத்தம் குறைந்து, கேரவன் லாரி பக்கம் இழுபடும். இரண்டு வண்டிகளும் மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால், எதிரெதிரான இந்த இரண்டு உதைகளும் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும்.

உதை வாங்கிய கேரவன் டோ பாலை மையமாக வைத்து இடமும் வலமும் ஆடத் தொடங்குகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஒன்று முதல் இரண்டு நொடி ஆகும். பெரும்பாலும் இரண்டு மூன்று ஆட்டத்தில் அது அடங்கிவிடும். அடக்குவது யார் என்றால், கேரவனின் டயர்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழுந்தால், ரப்பர் சாலையைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் எதிர்த்துத் தள்ளும். கோணம் கூடினால் அந்த விசையும் கூடும். கேரவன் கோணலாக நிற்பதால் வரும் கோணம் அதை நேருக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. ஆடிக்கொண்டிருப்பதால் வரும் கோணம் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கிறது. இரண்டாவது கோணம், பக்கவாட்டு வேகத்தை முன்னோக்கிய வேகத்தால் வகுத்தால் வருவது. கேரவனின் அச்சு நொடிக்கு 1 மீட்டர் வீதம் பக்கவாட்டில் நகர்கிறது என்று கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் அந்தக் கோணம் சுமார் 3.4 பாகை. 110 கிலோமீட்டரில் அதே ஆட்டத்துக்கு வெறும் 1.9 பாகை. வேகம் ஏற ஏற, ஆட்டத்தை அடக்கும் விசை இளைத்துப்போகிறது. நேருக்கு இழுக்கும் விசையோ அப்படியே இருக்கிறது. எனவே கேரவன் நடுவுக்குத் திரும்புகிறது. ஆனால் நிற்காமல் மறுபக்கம் தாண்டிப் போகிறது.

இதற்கிடையில் பந்து வழியாக பிக்கப்பின் பின்புறமும் இடமும் வலமும் தள்ளப்படுகிறது. பின்புறம் இடப்பக்கம் போனால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பம் கேரவனுக்கு அடுத்த உதையாகிறது. ஆக, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஆட்டம் தானாக அடங்காது. ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகும். அதற்கான ஆற்றல் வண்டியின் முன்னோக்கிய ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது. அந்த எல்லை வேகம் ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு. நேற்று 105-இல் சாதுவாக வந்த கேரவன், இன்று சாமான்களை இடம் மாற்றி அடுக்கியதால் 90-லேயே ஆடத் தொடங்கலாம். எண்பதில் எல்லாம் நன்றாக இருந்தது என்பதை வைத்து நூறில் எப்படி இருக்கும் என்று ஊகிக்கவே முடியாது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் கலங்கவைப்பது இதுதான்.

எடையை எப்படி அடுக்குவது என்பதில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாரம் பின்னால் சாய்ந்தால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் சாய்ந்தால் கழுத்தில் சுமை ஏறும். முன்பாரம் கொஞ்சம் இருக்கும்படி மூட்டைகளை அடுக்குவதே வண்டிக்காரரின் கணக்கு. கேரவனுக்கும் அதே கணக்குதான். ஆஸ்திரேலியாவில் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு டோ பாலின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். 3,000 கிலோ கேரவனுக்கு 300 கிலோ முன்பாரம்.

ஆனால் முன்பாரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதே எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். அதுவும் தூரத்தின் இருமடியாக. சைக்கிள்களும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து 80 கிலோ. அதைக் கேரவனின் பின்சுவரில், அச்சிலிருந்து 4 மீட்டர் தள்ளி மாட்டினால், சுழற்சிக்கு அது காட்டும் பிடிவாதம் 80 × 16 = 1,280 அலகு. அதே 80 கிலோவை அச்சுக்கு அரை மீட்டரில் வைத்தால் 20 அலகு. அறுபத்துநாலு மடங்கு வித்தியாசம். பிடிவாதம் கூடினால் ஆடத் தொடங்கத் தாமதமாகும், உண்மைதான். ஆனால் தொடங்கியபின் அதே டயர்கள் அதை நிறுத்தத் திணறும்.

அந்தச் சைக்கிள் இன்னொன்றும் செய்கிறது. அச்சிலிருந்து பந்து 5 மீட்டர் தூரத்தில் இருந்தால், பின்னால் தொங்கும் 80 கிலோ முன்பாரத்தில் 64 கிலோவைத் தூக்கிவிடும். இதைச் சரிக்கட்ட, கேரவனின் முன்கோடியில் கருவிப்பெட்டியை வைத்து எடை ஏற்றுபவர்கள் உண்டு. எடைக்கருவியில் முன்பாரம் மீண்டும் 300 காட்டும். ஆனால் இப்போது இரண்டு கோடியும் கனத்துவிட்டதால், பிடிவாதம் முன்னைவிட அதிகம். முன்பாரத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புவது இதனால்தான் ஆபத்து. கனமானதெல்லாம் அச்சுக்கு மேல், தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

சரி, அந்த 300 கிலோ பிக்கப்பை என்ன செய்கிறது? பந்து பின் அச்சுக்கு மேலே இல்லை. அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.7 மீட்டர் என்றால், நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சிலிருந்து சுமார் 120 கிலோ உயர்ந்துவிடும். பின் அச்சில் 420 கிலோ ஏறும். ஸ்டீயரிங் முன் சக்கரங்களில்தான் இருக்கிறது. அவற்றின் மேல் எடை குறைந்தால் பிடியும் குறையும். இதற்காக, கேரவனின் கழுத்துக்கும் பந்தைத் தாங்கும் பகுதிக்கும் இடையே வில்கம்பிகளை முறுக்கி மாட்டும் எடைப் பகிர்வு அமைப்பு ஒன்று உண்டு. பின் அச்சில் ஏறியதில் ஒரு பங்கை அது முன் அச்சுக்கும் இன்னொரு பங்கைக் கேரவனின் அச்சுக்கும் திருப்பி அனுப்புகிறது.

பெரிய பிக்கப் வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது சுமை அளவில். இந்த ரகத்தில் பல வண்டிகளில் மேலே ஏற்றக்கூடிய எடை 700 முதல் 900 கிலோவுக்குள்தான் இருக்கும். முன்பாரம் 300 அதில் சேர்ந்த கணக்கு. நாலு பேர் ஏறினால் இன்னொரு 300. முன்னால் கங்காருவுக்காகப் போடும் எஃகுத் தடுப்பு, பின்தொட்டிக்கு மூடி, ஃப்ரிட்ஜ், ஜெனரேட்டர் என்று சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். 4,500 கிலோ இழுக்கும் ஆசையில் முன்பாரம் 450 ஆனால் நிலைமை இன்னும் மோசம். இழுக்கும் வண்டியே சுமார் 2,700 கிலோ. இழுபடுவது அதைவிடக் கனம் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இருந்தாலும் பிக்கப்புக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. அதன் பின்தொட்டி திறந்தது. ஆகவே இணைப்பைப் பின் அச்சுக்கு நேர் மேலேயே, தொட்டிக்குள் பொருத்த முடியும். ஃபிஃப்த் வீல் என்று சொல்வது இதைத்தான். கண்டெய்னர் லாரிகள் எல்லாம் இப்படித்தான் பெட்டியை இழுக்கின்றன. நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரை மீட்டர் மறைந்துவிடுவதால், கேரவன் பக்கவாட்டில் தள்ளினாலும் பிக்கப்பின் மூக்கு திரும்பாது. முன் அச்சும் உயராது. வட அமெரிக்காவில் நீளமான கேரவன்களை இந்த முறையில்தான் பெரிதும் இழுக்கிறார்கள். நீண்ட தூரம், பெரிய எடை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

நல்லார்பாரில் மலை ஏற்றம் அதிகம் கிடையாது. எஞ்சினின் வேலை பெரும்பாலும் காற்றோடுதான். கேரவனின் முகம் ஆறு ஏழு சதுர மீட்டர் பரப்புள்ள சுவர். மணிக்கு 100-இல் காற்றைப் பிளக்க மட்டும் தோராயமாக 60 கிலோவாட் வேண்டும். 90-க்கு இறங்கினால் 44 கிலோவாட் போதும். எதிர்க்காற்று 30 கிலோமீட்டரில் வீசினால், 90-இல் போகும் வண்டி 120-க்குரிய காற்றைச் சந்திக்கிறது; எதிர்விசை 1.8 மடங்கு ஆகிவிடும். பெட்ரோல் பிக்கப் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டருக்கு மேல் குடிப்பது இந்தப் பயணத்தில் சாதாரணம். அயர் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்குக்கும் அடுத்த பங்க்குக்கும் 190 கிலோமீட்டர் வரை இடைவெளி வரும். எனவே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கிளம்புவது அனுபவசாலிகளின் வழக்கம்.

இறக்கத்தில் பிரச்சினை தலைகீழ். குயின்ஸ்லாந்தில் டூவும்பா மலைச்சரிவு சுமார் 400 மீட்டர் இறங்குகிறது. பழைய சாலையில் சரிவு 10 சதவீதம் வரை இருந்ததால், 6.5 சதவீதத்துக்குள் அடங்கும் மாற்றுச் சாலை ஒன்றை 2019-இல் திறந்தார்கள். பிக்கப்பும் கேரவனும் சேர்ந்து 6,500 கிலோ என்றால், அந்த 400 மீட்டர் இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் 25 மெகாஜூல். 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். பிரேக்கை மட்டுமே நம்பினால் அவ்வளவு வெப்பமும் அதில்தான் இறங்கும். டிரம் சூடேறி விரியும், உராய்வுப் பட்டை பிடிப்பை இழக்கும், பிரேக் ஆயில் கொதித்து மிதி உள்ளே போய்விடும். ஆகவே உச்சியிலேயே கியரைக் குறைத்து, எஞ்சினை வைத்து வேகத்தைப் பிடிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியிலுள்ள திராட்டில் என்ற மூடி மூடும்போது இயல்பாகவே நல்ல தடை கிடைக்கும். டீசலில் அப்படியில்லை, பெரிய டீசல் பிக்கப்களில் புகைபோக்கும் வழியை அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும் பிரேக் தனியாக இருப்பது இதனால்தான்.

ஆஸ்திரேலியச் சட்டப்படி 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனுக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். இணைப்பு அறுந்தால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். பெரும்பாலும் அது மின்பிரேக். டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தம் சுழலும் டிரம்மில் ஒட்டி இழுபட்டு, ஒரு நெம்புகோலைத் தள்ள, அது பட்டைகளை விரிக்கிறது. எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை ஓட்டுநர் அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கிறது. அதில் கையால் இயக்கும் ஒரு பொத்தானோ நெம்புகோலோ இருக்கும். ஆட்டம் தொடங்கியதும் தொட வேண்டியது அதைத்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கேரவனின் பிரேக்கை மட்டும் கொடுத்தால், பின்னால் இழுவை வந்து ஜோடி நேராகும். பிக்கப்பின் பிரேக்கை மிதித்தால் கேரவன் முன்னே முட்டும். ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பினாலும் ஆபத்துதான். மனிதக் கை அரை நொடியாவது தாமதமாக எதிர்வினை செய்யும், ஒன்று இரண்டு நொடி ஆட்டத்தில் அந்தத் தாமதம் ஆட்டத்துக்கே துணைபோகும். இப்போது பல கேரவன்களில் ஆட்டத்தை உணர்ந்து தானே பிரேக் போடும் கருவி வருகிறது. அது கணினி வேகத்தில் செயல்படுவதால், பணத்தை இதில் செலவழிப்பதைத் தாராளமாக ஆதரிக்கிறேன்.

டயர் அழுத்தத்தைக் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் டயரின் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறும். ஆட்டத்தைத் தடுக்கும் பிடியும் தளரும்.

முதல் பயணத்துக்கு முன் எல்லாச் சாமானையும் ஏற்றி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, எல்லோரும் உட்கார்ந்து எடைமேடைக்குப் போவது மிக நல்லது. பிக்கப்பின் முன் அச்சு, பின் அச்சு, கேரவன் அச்சு என மூன்றையும் தனித்தனியாக எடை போட வேண்டும். பிறகு கேரவனைக் கழற்றிவிட்டு பிக்கப்பின் இரண்டு அச்சுகளையும் மறுபடி எடை போட்டால், முன்பாரம் எவ்வளவு, முன் சக்கரங்கள் எத்தனை கிலோ இழந்தன என்பதெல்லாம் வெறும் கழித்தல் கணக்கில் கிடைத்துவிடும்.