மறக்கத் தொடங்கும் வேளையில் ஒரு கேள்வி

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகப் பணிபுரியும் தம் மகள் காலைதோறும் கைபேசியில் இரண்டு கேள்விகளுக்கு விடையளித்துவிட்டு, அதையும் தொடர் மருத்துவக் கல்வி என்கிறாராம், ஒரு நாள் முழுதும் அரங்கில் அமர்ந்து பேராசிரியர்களின் உரையைக் கேட்பதற்கு அது ஈடாகுமா?

ஐந்தாண்டுகளுக்குள் 30 மணி நேரமாவது மருத்துவர்கள் தொடர்கல்விக் கூட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கூறின. அந்த மணிக்கணக்கு, கேட்டதற்குச் சான்றாகுமே தவிர நினைவில் நின்றதற்குச் சான்றாகாது. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்த ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ், 1885இல் வெளியிட்ட நூலில், மீண்டும் கற்கும்போது, முன்பே கற்றிருந்ததால் நமக்கு மிச்சப்படும் உழைப்பு ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதைக் காட்டினார். அதன்பின் மறதி மிக மெதுவாகவே நகர்கிறது.

கைபேசிச் செயலிகள் பலவற்றின் அடிப்படை, இந்த மறதியை எதிர்கொள்ள போலந்து நாட்டின் வோஸ்னியாக் 1987இல் வகுத்த கணக்குமுறைதான். சரியாக விடையளித்த கேள்வி மறுநாள் திரும்ப வருகிறது. அடுத்து ஆறு நாள் கழித்து வருகிறது. பிறகு ஒவ்வோர் இடைவெளியும் ஏறக்குறைய இரண்டரை மடங்காகி 15, 38 நாள்கள் என நீள்கிறது. தடுமாறிச் சொன்ன விடைக்கு இந்தப் பெருக்கெண் குறைகிறது. தவறினால் கேள்வி மறுபடி முதல் நாளுக்கே திரும்புகிறது. திருந்திய நெல் சாகுபடி செய்வோருக்கு இதை விளக்கவே தேவையில்லை, இது காய்ச்சலும் பாய்ச்சலும்தான். வயலில் எந்நேரமும் நீரைத் தேக்காமல், மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றும் வரை காயவிட்டுப் பிறகு மடை திறப்பதுபோல, நினைவு மங்கத் தொடங்கும் வேளை பார்த்துக் கேள்வி வருகிறது. அப்போது முயன்று மீட்டெடுக்கும் விடை, பத்து முறை படித்ததைவிட ஆழமாக ஊன்றுகிறது. இத்தனை எளிய பெருக்கல் இவ்வளவு வேலை செய்வது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அவ்வாறு வரத்தக்க ஒரு கேள்வி: தரையில் படுத்துறங்கிய விவசாயத் தொழிலாளி விடியற்காலையில் வயிற்றுவலியோடு வருகிறார், இமைகள் தொங்குகின்றன, வீக்கமோ கடித்த தடமோ இல்லை, 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை இயல்பாக உள்ளது. பாம்பு நஞ்சுமுறி மருந்து செலுத்த வேண்டுமா? வேண்டும். உறைவைக் கெடுப்பது கண்ணாடி விரியன் போன்றவற்றின் நஞ்சு. இந்த அறிகுறிகளைத் தரும் கட்டுவிரியனின் நஞ்சோ நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கி மூச்சை நிறுத்திவிடும். ஒரு மருத்துவர் இத்தகைய நோயாளியை எப்போதாவதுதான் காண்பார், ஆனால் கண்ட அந்த நேரத்திலேயே விடை தெரிந்திருக்க வேண்டும். விஷக்கல் வைத்தும் மந்திரித்தும் பொழுதைக் கடத்திய பிறகே பலர் மருத்துவமனைக்கு வருவதால், புத்தகம் புரட்ட அவகாசம் இருப்பதில்லை.

அரங்க வாடகைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கையாவது, நம் வட்டார நோய்களுக்கான கேள்விகளை எழுதவும் திருத்தவும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருத்துவது இதில் மிக முக்கியம்: சிகிச்சை நெறிமுறை மாறிய பின்னும் பழைய விடையே கேள்வித் தொகுப்பில் இருந்தால், இதே கணக்குமுறை அந்தத் தவற்றையும் அதே ஆழத்தில் ஊன்றிவிடும்.