இன்டர்டிசிப்ளினரி: ‘இடைநிலை’ தவறு, ‘பல்துறை’ போதாது

ஆய்வேட்டுச் சுருக்கம், கருத்தரங்க அழைப்பு, பாடத்திட்ட முன்னுரை என எதைத் திறந்தாலும் ‘இடைநிலை ஆய்வு’ என்ற தொடர் வந்து நிற்கிறது. மூலத்தில் இருப்பது இன்டர்டிசிப்ளினரி, அதாவது அறிவுத்துறைகள் ஒன்றோடொன்று கொடுத்து வாங்கிச் செய்வது. இயந்திர மொழிபெயர்ப்பு துப்பியதை யாரோ அப்படியே ஒட்ட, அதைப் பார்த்து இன்னொருவர் ஒட்ட, இப்போது அதுவே கலைச்சொல் போல உலவுகிறது. தமிழ் படிப்பவருக்கு இடைநிலை என்றால் தொடக்கநிலைக்கும் மேல்நிலைக்கும் நடுவில் இருப்பது. இலக்கணம் படித்தவருக்கு இன்னும் சிக்கல். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறு பகுபத உறுப்புகளில் அது ஒன்று. ‘செய்தான்’ என்பதில் காலம் காட்டும் ‘த்’ அதுதான். ‘மொழியியலில் இடைநிலை ஆய்வுகள்’ என்று ஒரு நூலுக்குத் தலைப்பு இருந்தால், உள்ளே இருப்பது கால இடைநிலைகளைப் பற்றிய ஆய்வா, மொழியியலும் நரம்பியலும் கைகோத்த ஆய்வா? புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். தலைப்பைப் படித்தும் பொருள் தெரியவில்லை என்றால் அந்தக் கலைச்சொல்லால் என்ன பயன்? அதற்கு மாற்றாக நான் சொல்வது ‘துறையிடை’.

இன்டர்டிசிப்ளினரி என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘டிஸ்கிபுலுஸ்’ என்றால் கற்பவர், மாணவர். அவர் பெறும் பயிற்சி ‘டிஸ்கிப்ளினா’. அதிலிருந்து இரண்டு பொருள்கள் கிளைத்தன. ஒன்று கற்கப்படும் பாடப்பிரிவு. மற்றது பயிற்சியோடு வரும் கட்டுப்பாடு, ஒழுங்கு. முன்னொட்டான ‘இன்டர்’ என்பதற்கு இடையே என்று பொருள். இரண்டையும் சேர்த்த சொல் 1920, 30களில் அமெரிக்கச் சமூக அறிவியல் அறிஞர்களிடையே புழங்கத் தொடங்கியது. இந்த வரலாறு தெரியாததால்தான் ‘இடை ஒழுங்குமுறை ஆய்வு’ என்ற விபரீதமும் சில மொழிபெயர்ப்புகளில் தலைகாட்டுகிறது. படித்தால் ஏதோ ஆணையத்தின் விதிமுறை போல இருக்கிறது.

பாடப்பிரிவு என்ற பொருளுக்குத் தமிழில் ‘துறை’ நிலைபெற்றுவிட்டது. நல்ல சொல். ஆற்றில் இறங்கும் இடம்தான் முதற்பொருள். இலக்கணத்தில் திணைக்குள் அடங்கும் பிரிவுக்குப் பெயராகி, தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 34 உறுப்புகளில் ஒன்றாகவும் இடம்பெற்றது. ஒன்றை முற்றக் கற்றவரைத் ‘துறைபோகியவர்’ என்று சொல்லும் வழக்கும் உண்டு. ஒரு குறையும் இருக்கிறது: அலுவலகப் பிரிவையும் இதே சொல்லால்தான் குறிக்கிறோம். ‘பல்துறைக் குழு’ என்றால் பல அறிவுப்புலங்களைச் சேர்ந்தவர்களா, பல அரசுத் துறைகளின் அதிகாரிகளா என்ற மயக்கம் வரும். குழப்பம் வரும் இடத்தில் ‘அறிவுத்துறை’ என்று ஒருமுறை விரித்து எழுதிவிட்டால் போதும்.

சண்டை முன்னொட்டில்தான். பலர் இன்டர்டிசிப்ளினரி, மல்டிடிசிப்ளினரி இரண்டையும் ‘பல்துறை’ என்றே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

1869இல் தொடங்கிய நேச்சர் என்ற அறிவியல் ஏட்டின் ஓர் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். விண்மீன் வெடிப்பு பற்றி ஒரு கட்டுரை, அடுத்து எலியின் மூளைச் செல் பற்றி ஒன்று, அதற்கடுத்துப் பனிப்பாறை உருகுவது பற்றி இன்னொன்று. இவை ஒன்றையொன்று அறியா. ஒரே அட்டைக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான். விண்மீன் கட்டுரையைக் கிழித்து எடுத்துவிட்டாலும் எலியின் மூளைக்கு ஒன்றும் ஆகாது. இது பல்துறை. தொடர்பில்லாத துறைகளின் ஆய்வுகளை அடுக்கித் தரும் இதழுக்கும், ஆளுக்கொரு இயலாக எழுதித் தைத்த அறிக்கைக்கும் இந்தச் சொல்லே பொருந்தும். இங்கே கொண்டுபோய் ‘துறையிடை’ என்று எழுதினால் அதுவும் பிழைதான்.

இனி 1980இல் வெளியான ஆல்வாரெஸ் குழுவின் ஆய்வு. இத்தாலியின் குப்பியோ ஊர்ப் பாறைகளில், டைனோசர்களின் காலம் முடியும் எல்லையில், சுமார் 1 செ.மீ. தடிமனில் ஒரு களிமண் படலம். அது படிய எத்தனை காலம் ஆனது என்பது நிலவியலாளர் வால்டர் ஆல்வாரெஸின் கேள்வி. விண்ணிலிருந்து தூசு ஏறக்குறைய ஒரே சீராக விழுகிறது, நிலத்தில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகத்தை அதில் அளந்தால் காலத்தைக் கணக்கிடலாம் என்று வழி சொன்னவர் அவருடைய தந்தை, இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வாரெஸ். நியூட்ரான்களைச் செலுத்தி அளந்து காட்டியவர்கள் வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும். வந்த அளவோ சுற்றியுள்ள பாறையைப்போல் சுமார் 30 மடங்கு! தூசுக் கணக்கு அங்கேயே உடைந்தது. சுமார் 10 கி.மீ. விட்டமுள்ள சிறுகோள் மோதியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். படலத்தின் வயதைக் கேட்கப் போய், உயிரினங்கள் அழிந்த காரணம் கிடைத்தது. இதில் வேதியியலை மட்டும் உருவி எடுத்துப் பாருங்கள்; மிஞ்சுவது ஒரு களிமண் படலமும் விடையில்லாத கேள்வியும்தான்.

பழம்பொருளில் எஞ்சியுள்ள கரிமம்-14 என்ற கதிரியக்க அணுவை அளந்து வயதறியும் கரிமக் காலக்கணிப்பும் அப்படியே. 1949இல் வேதியியலாளர் வில்லார்ட் லிப்பியின் குழு முன்வைத்த முறை, வளிமண்டலத்தில் கரிமம்-14 எக்காலத்தும் ஒரே அளவில் இருந்தது என்ற அனுமானத்தில் நின்றது. மர வளையங்களை எண்ணுபவர்கள் வந்து அது சரியில்லை என்று காட்டினார்கள். பழைய மரங்களுக்குக் கணக்கு நூற்றாண்டுக் கணக்கில் பிசகியது. இன்று ஆய்வகம் தரும் எண்ணை, மர வளையம் போன்ற சான்றுகளைக் கொண்டு வரைந்த அளவுத்திருத்த வளைகோட்டில் பொருத்திய பிறகே தொல்லியலாளர் அதை ஆண்டாக எழுத முடியும். 2020இல் வந்த வளைகோடு சுமார் 55,000 ஆண்டு வரை போகிறது. ஒரு துறையின் எண்ணை மற்றொரு துறை திருத்துகிறது. ‘பல’ என்ற சொல் இதில் எதைச் சொல்கிறது? எத்தனை துறை என்பதைத்தான். துறைகளுக்கு நடுவே நடந்த கொடுக்கல் வாங்கலைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

‘பல்துறை’யை ஆதரிப்பவர்கள் எடுத்துக்காட்டுவது ‘பன்னாட்டு’ என்ற சொல்லை. இன்டர்நேஷனல் என்பதைப் பன்னாட்டு என்கிறோமே, அங்கே இன்டர் ‘பல்’ ஆகவில்லையா? ஆனது, அதன் விலையையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பன்னாட்டு நீதிமன்றம் நாடுகளுக்கிடையேயானது. பன்னாட்டு நிறுவனம் பல நாடுகளில் கடை விரித்தது. இரண்டு வேறு உறவுகளுக்கு ஒரே சொல்லை வைத்துவிட்டு, சூழல் பார்த்துப் புரிந்துகொள் என்று வாசகர் தலையில் கட்டிவிட்டோம். அது வேரூன்றிவிட்டது, இனிப் பிடுங்க முடியாது. ஒரு வழக்கில் விட்ட பிழையை முன்மாதிரியாக்கி அடுத்ததிலும் விட வேண்டும் என்பது என்ன வாதம்?

தூய்மை பேசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல் + துளி பஃறுளி ஆகும், பல் + தொடை பஃறொடை ஆகும். அப்படியானால் பல்துறை ‘பஃறுறை’ ஆக வேண்டாமா என்று கேட்கலாம். புணர்ச்சி விதி இடம் தருகிறது, வாசகர் தரமாட்டார். தெளிவுக்காக ஒரு சொல்லை எதிர்த்துவிட்டு, தூய்மைக்காக அதைவிட இருண்ட ஒன்றைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘பல்துறை’ அப்படியே இருக்கட்டும், தன் இடத்தில்.

இன்டர்டிசிப்ளினரிக்கு ‘இடைத்துறை’ என்பாரும் உண்டு. இடைநிலையைவிட நூறு மடங்கு மேல், ஆனாலும் ஒரு பழுது இருக்கிறது. ‘இடை’ முன்னால் வந்தால் தமிழில் பெரும்பாலும் நடுவில் கிடக்கும் ஒன்றையே அது குறிக்கிறது: இடைக்காலம், இடைவேளை, இடைச்செருகல், இடைத்தரகர். அந்தக் கணக்கில் இடைத்துறை என்பது இரண்டு துறைகளுக்கு நடுவே உள்ள மூன்றாவது துறை. உயிர்வேதியியல் போல, கலந்து கலந்து தனித்துறையாகவே ஆகிவிட்டவற்றுக்கு அது பொருந்தலாம். ஆய்வு நடக்கும் முறைக்குப் பொருந்தாது.

‘இடை’யைப் பின்னால் வைத்தால் பொருள் மாறிவிடுகிறது. நன்னூல் இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமை உருபுகளைப் பட்டியலிடும்போது கண், கால், கடை என்பவற்றோடு ‘இடை’யையும் வைக்கிறது. ஆகவே துறையிடை என்றால் துறைகளுக்கிடையே நிகழ்வது. ‘துறைகளிடை’ என்று பன்மை வேண்டாமா என்பார்கள். தமிழ்த் தொகைச்சொல்லுக்குக் ‘கள்’ கட்டாயமில்லை; நூலகத்தில் நூல் ஒன்றுதானா இருக்கிறது?

டிரான்ஸ்டிசிப்ளினரி என்ற சொல் 1970இல் பிரான்சின் நீஸ் நகரக் கருத்தரங்கில் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜேயின் வழியாகப் பரவியது. துறை எல்லைகளே கரைந்துபோகும் நிலை அவர் சொன்னது. பின்னர் நோயாளிகள், உழவர்கள் போன்ற கல்விப்புலத்துக்கு வெளியே உள்ளவர்களும் கேள்வியை வகுப்பதில் பங்கேற்கும் ஆய்வு என்ற பொருளும் சேர்ந்தது. ‘துறைகடந்த ஆய்வு’ இரண்டுக்கும் சரியாக இருக்கிறது. கிராஸ்டிசிப்ளினரியைக் ‘குறுக்குத்துறை’ ஆக்கியவர்கள் தயவுசெய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். குறுக்கு என்றதும் குறுக்குவழிதான் நினைவுக்கு வரும். ஒரு துறையின் கருவியை இன்னொன்றில் கையாண்டது என்று வாக்கியமாகவே எழுதிவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வார்க்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. மூலத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதோடு நிற்காமல், ஆய்வின் முறையியல் பகுதியைப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் நிதி கேட்கும் விண்ணப்பத்தில் பல்துறையைத் துறையிடை என்று அலங்கரிப்பதுண்டு. ஒரு துறையின் பங்கை நீக்கினால் மற்றவை அப்படியே நிற்கின்றனவா? பல்துறை. முடிவே சரிகிறதா? துறையிடை. கேள்வியை வகுத்தவர்களில் ஆய்வாளர் அல்லாதோரும் உண்டா? துறைகடந்தது. தலைப்பை மட்டும் பார்த்துப் பெயர்ப்பவர்களுக்கு இந்த ஐந்து நிமிட வேலைகூட மிகையாகப் படுகிறது.

எழுதும் முறை: துறையிடை ஆய்வு, துறையிடைக் கல்வி, துறையிடைப் படிப்பு, துறையிடைத் திட்டம். க, ச, த, ப வரும்போது ஒற்று மிகும். பண்புப்பெயராக வேண்டுமானால் ‘துறையிடைமை’. கொஞ்சம் கரடுமுரடாகப் பட்டால் ‘துறையிடைத் தன்மை’.