சொல் விளக்கம்: ரிஸ்க் கணினி

‘ரிஸ்க்’ என்று தமிழில் எழுதியதும் நமக்கு ஆபத்துதான் நினைவுக்கு வரும். கணினித் துறையின் ‘ரிஸ்க்’ முற்றிலும் வேறு சொல். ஆங்கிலத்தில் இந்த இரு சொற்களையும் அவற்றின் கடைசி எழுத்து பிரித்துக் காட்டிவிடும். தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. இச்சொல்லுக்கு நல்ல தமிழ் வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

‘ரெட்யூஸ்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் செட் கம்ப்யூட்டர்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம் இது. சொல்லுக்குச் சொல், குறைக்கப்பட்ட கட்டளைத் தொகுதி கொண்ட கணினி. 1980-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன் குழுவினர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தோடு பெயர் பிறந்தது. கருத்து அதற்கும் மூத்தது. 1970-களின் நடுவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், தொலைபேசி இணைப்பகத்துக்காக ஜான் காக் குழுவினர் ஒரு கணினியைத் திட்டமிட்டனர். இணைப்பகத் திட்டம் கைவிடப்பட்டது, கணினி பிழைத்தது. ஆய்வு நடந்த கட்டடத்தின் எண்ணான 801 அதன் பெயராயிற்று.

நினைவகத்தில் உள்ள இரண்டு எண்களைக் கூட்டி மூன்றாம் இடத்தில் வைக்க வேண்டும். அக்காலத்து வாக்ஸ் கணினிக்கு இதைச் சொல்ல ஒரே கட்டளை போதும். ரிஸ்க் கணினிக்கு நான்கு வேண்டும்: முதல் எண்ணைப் பதிவகத்துக்கு (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) கொண்டுவா, அடுத்ததைக் கொண்டுவா, கூட்டு, விடையைத் திரும்ப வை. ‘சாம்பார் வை’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், பருப்பை வேக வை, புளியைக் கரை என்று படிப்படியாகச் சொல்வது போன்றது இது. ஒவ்வொரு கட்டளையும் சிறியது என்பதால் விரைவில் முடியும். ஒன்று முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்கவும் முடியும்.

இந்தக் கருத்தை மேசைக்குக் கொண்டுவந்த தொடக்ககாலப் பணிநிலையங்களில் (தொழில்முறைப் பணிக்கான ஆற்றல்மிக்க கணினிகள்) ஒன்று, ஐபிஎம் 1986 ஜனவரியில் அறிவித்த ஆர்டி பிசி. பெயரில் உள்ள ‘ஆர்’ ரிஸ்க்கைத்தான் குறிக்கிறது. அதில் இரண்டு மாதிரிகள்: 6151 மேசைமேல் வைப்பது, 6150 தரையில் நிற்பது. உள்ளே ‘ராம்ப்’ என்ற 32 பிட் செயலி. அதன் மேல் யூனிக்ஸ் வழிவந்த ஏஐஎக்ஸ் இயங்குதளம் இயங்கியது. அலுவலகக் கருவிகளுக்கென உருவாகிய செயலி அது. மிதவைப் புள்ளிக் கணக்கீட்டில் (பின்னப் பகுதி கொண்ட எண்களின் கணக்கு) பின்தங்கியதால் பொறியாளர்களைக் கவரவில்லை, விற்பனையும் சோர்ந்தது. ஆனால் 1988-இல் இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட் முதுகெலும்பு வலையமைப்பில், ஒவ்வொரு முனையிலும் பல ஆர்டி கணினிகளைக் கோத்துத்தான் தகவலைத் திசைப்படுத்தினார்கள். சந்தையில் தோற்ற கருவி இணையத்தின் இளமையைச் சுமந்தது என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ராம்ப் செயலிக்கு 118 கட்டளைகள். வீட்டுக் கணினிகளில் இருந்த 6502 செயலிக்கோ 56 மட்டுமே. அதை யாரும் ரிஸ்க் என்பதில்லை. எனவே ‘ரெட்யூஸ்டு’ என்பது கட்டளைகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு கட்டளையும் செய்யும் வேலையின் அளவையே சுட்டுகிறது.

‘குறைந்த கட்டளைத் தொகுதிக் கணினி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இந்தப் பொருள் நழுவிவிடும். ‘குறை’ என்பதற்குத் தமிழில் குற்றம் என்ற பொருளும் உண்டு. ‘எளிய கட்டளைக் கணினி’ என்பதே என் பரிந்துரை. இதற்கு எதிரான வாக்ஸ் வகையைக் ‘கூட்டுக் கட்டளைக் கணினி’ எனலாம். ஆங்கிலத்தில் அதைக் ‘காம்ப்ளெக்ஸ்’ என்பார்கள். அதற்காகச் ‘சிக்கல்’ என்ற சொல்லை அங்கே கொண்டுவந்தால் பழுது என்று படிப்பார்கள். ஆர்டி பிசியை ‘எளிய கட்டளைப் பணிநிலையம்’ என்று எழுதலாம்.