பூட்டனார் ஜெயித்த எலெக்‌ஷன்

பழைய தாள்களைச் செப்பனிடும் எங்கள் மேசைக்குக் கீழக்கரைப் பெரியவர் ஒருவர் லேமினேஷன் போட்ட ஒற்றைத் தாளோடு வந்தார். "எங்க பூட்டனார் வெள்ளக்காரன் காலத்து எலெக்‌ஷன்ல ஜெயிச்சவரு தம்பி. ராமநாதபுரம் ரெக்கார்டுல தேடித் தேடிப் பாத்துட்டோம், பேரே இல்ல."

எப்படி இருக்கும்? ராமநாதபுரம் மாவட்டம் உருவானதே 1910-ல்தான். அதற்கு முன் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் எல்லாம் மதுரை கலெக்டரின் கீழ். எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் உள்ளாட்சித் தாள்களை மதுரை மாவட்டக் கோப்புகளில்தான் தேட வேண்டும். சேதுபதி அரண்மனையில் இருக்கும் என்று அலைபவர்களும் உண்டு. ஜமீன் கணக்குகள் நிலத்தையும், ஜமீன் சர்க்காருக்குக் கட்டிய பேஷ்குஷ் என்ற கப்பத்தையும் பேசும். உள்ளாட்சி போர்டு விவகாரம் சர்க்காருடையது.

1882-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் வந்தது. அதை ஒட்டி 1884-ல் சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள்: நகராட்சிகளுக்கு ஒன்று, ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, ஊர்களைச் சேர்த்த யூனியன்களுக்கு இன்னொன்று. இவற்றின் உறுப்பினர் அறிவிப்புகளும் அரசாணைகளும் (ஜி.ஓ.) எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 'லோக்கல் அண்ட் முனிசிபல்' துறை ஜி.ஓ.க்களையும், புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டையும் சேர்த்துப் பாருங்கள். வருடம் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. தெரியாவிட்டால் இன்டெக்ஸ் புரட்டும் பொறுமை வேண்டும். ஊர்ப்பெயர் எழுத்தும் ஏமாற்றும். பாம்பனை அன்றைய ஆங்கிலத்தில் 'பாம்பென்' என்று வாசிக்கும்படி எழுதியிருப்பார்கள்.

ஓட்டு எண்ணிக்கையை எதிர்பார்த்து வராதீர்கள். அறிவிப்பில் பெரும்பாலும் பெயரும் பதவியும் மட்டும்தான். உறுப்பினர் என்ற உடனே ஜெயித்தவர் என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடவும் வேண்டாம். போர்டு உறுப்பினர்களில் பலர் சர்க்கார் நியமித்தவர்கள். ஜில்லா போர்டுக்குத் தலைவரே கலெக்டர். யூனியன் பஞ்சாயத்தில் ஊர்த் தலைமை அலுவலரான கிராம முன்சீப் தன் பதவியாலேயே உட்கார்ந்துவிடுவார். நகராட்சியில் ஓட்டு இருந்த இடத்திலும் அது வரி கட்டும் ஆண்களுக்கானது. அந்த வாக்காளர் பட்டியலை ஊர் ஜனத்தொகை என்று எண்ணி ஆய்வேடு எழுதிய மாணவரையும் பார்த்திருக்கிறேன்.

பெரியவரின் தாளுக்கு வருவோம். அதை லேமினேட் செய்து சில மாதம்தானாம். அதற்குள் ஓரத்தில் பழுப்புக் கறை. கடற்காற்றின் ஈரம் ஏறிய தாளை உலர வைக்காமலே சூட்டில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்தும் கூடவே வரும். செலோடேப்பும் இதே கொடுமைதான்: பிசின் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். எங்கள் மேசையில் கிழிசலுக்குப் போடுவது மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும். தேவைப்பட்டால் தண்ணீர் தொட்டே எடுத்துவிடலாம்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தாளை மடிக்காமல் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரச் சுவருக்கு ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை.

அந்தத் தாளை நான் உரிக்கவில்லை. பிளாஸ்டிக்குக்கு மேலேயே வாசித்துக் காட்டினேன். பூட்டனாரின் பெயருக்கு நேரே 'நியமிக்கப்பட்டார்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் இருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப எதுத்து நின்னவருன்னு எங்க நன்னி, அதான் பாட்டி, ஒருத்தரோட கடைசிவர பேசாம இருந்தாகளே, அது யாரு தம்பி?"